வாங்கிய ஓட்டோ ‘மிஸ்’ பண்ணினால்: எஞ்சினை இறக்க முன் பார்க்க வேண்டியவை

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வாழ்வாதாரக் கலந்துரையாடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவு, விதைநெல் என்று காலமை முதல் கேட்டுக் களைத்துப் போயிருப்பீர்கள். எனக்குத் தந்த விடயம் கொஞ்சம் வேறு மாதிரியானது. பழைய ஓட்டோ வாங்கியவர்களுக்கு வருகிற ஒரு தலையிடி பற்றிப் பேசப் போகிறேன். எஞ்சின் ‘மிஸ்’ பண்ணுகிறது என்று சொல்கிறோமே, அது.

நான் மெக்கானிக் இல்லை. கலைப்பீடத்தில் படித்து, இந்த நிறுவனத்தில் தகவல் தொடர்பு வேலை செய்கிறவள். ஆனால் களத்துக்குப் போகிற இடமெல்லாம் இந்தக் கதையைத்தான் கேட்கிறேன். இருந்த சங்கிலியை அடகு வைத்து, சேமிப்பைப் போட்டு, சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கி ஒரு பழைய ஓட்டோ எடுக்கிறார்கள். இரண்டு கிழமை ஓடுகிறது. பிறகு திக்கித் திக்கி நிற்கிறது. கராஜில் கொண்டுபோய் விட்டால், “எஞ்சின் இறக்க வேணும்” என்ற பதில் வருகிறது. எஞ்சின் இறக்குவது என்றால் மிச்சமிருக்கிற தோடும் அடகுக் கடைக்குப் போகும். ஆகவே ஓட்டோ திருத்துவதில் கைதேர்ந்த சிலரிடம் கேட்டு, அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டு வந்ததைத்தான் இங்கே சொல்கிறேன். அவர்களில் ஒருவர் பின்வரிசையில் இருக்கிறார். ஐயா, நான் சொல்வதில் ஏதும் விடுபட்டால் சேர்த்துச் சொல்லுங்கோ.

முதலில் ‘மிஸ்’ என்றால் என்ன? ஓட்டோவின் எஞ்சினில் ஒரேயொரு சிலிண்டர்தான். பெற்றோலும் காற்றும் கலந்து உள்ளே போகிறது, பிஸ்டன் அதை அமுக்குகிறது, பிளக் நெருப்புப் பொறி விடுகிறது, கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இது ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. இதில் ஒரு தடவை எரியாமல் விட்டால் அதுதான் மிஸ். காரில் நான்கு சிலிண்டர் இருப்பதால் ஒன்று எரியாவிட்டாலும் மற்ற மூன்றும் இழுக்கும். ஓட்டோவில் அந்த வசதி இல்லை. ஒரு தடவை எரியாவிட்டால் வண்டி உதறும். எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் அங்கே எரிந்தால் ‘டப்’ என்று வெடிச்சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளைகள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அதற்காகவும் இதைக் கெதியாகத் திருத்துவது நல்லது.

ஆக, மிஸ் என்பது தனியான ஒரு வியாதி இல்லை, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. நெருப்பு, பெற்றோல், காற்று, அமுக்கம் என்ற நான்கில் ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது. இந்த நான்கில் முதல் மூன்றையும் பார்க்க எஞ்சினை இறக்கத் தேவையில்லை. நான்காவதைக்கூட இறக்காமலே ஓரளவு சோதிக்கலாம். காசு குறைந்ததில் தொடங்கிக் கூடியதற்குப் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிளக்கையும் கொயிலையும் காபுரேற்றரையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடும்தான். ஆனால் எது பிழை என்று உங்களுக்கும் தெரியாது, மாற்றினவருக்கும் தெரியாது, மூன்றுக்கும் காசு போய்விடும்.

ஸ்பனரை எடுக்க முன் ஒரு கொப்பி எடுங்கள். எப்போது மிஸ் பண்ணுகிறது என்று எழுதுங்கள். காலமை குளிரில் மட்டுமா? இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகா? சும்மா நிற்கும்போதா, ஆட்களை ஏற்றி இழுக்கும்போதா? மழைக்குப் பிறகா? கிரவல் ரோட்டில் குலுங்கும்போது மட்டுமா? ஓட்டுகிறவர் மகனாகவோ தம்பியாகவோ இருக்கலாம், வீட்டில் கணக்குப் பார்க்கிற அம்மாவோ அக்காவோ இதைக் கேட்டு எழுதிவைக்கலாம். பாதி வைத்தியம் இந்தக் கொப்பியில் இருக்கிறது. குலுங்கும்போது மட்டும் மிஸ் பண்ணினால் பெரும்பாலும் எங்கோ ஒரு வயர் தளர்ந்திருக்கிறது. சாவி சுவிட்சின் பின்பக்கம், பற்றரி முனை, எஞ்சினில் பூட்டிய ஏர்த் வயர், இவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். எங்கள் உள்வீதிகளில் ஓடுகிற வண்டிக்கு இது சர்வசாதாரணம். செலவு ஒரு சுரையை இறுக்குவதுதான்.

அடுத்தது பிளக். இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் எஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே கொண்டுவந்து காட்டுகிற பொருள் அது ஒன்றுதான்.

வண்டியை வழமைபோல ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒரே இடத்தில் கனநேரம் ஸ்டார்ட்டில் விட்டு எடுத்தால் பிளக்கின் நிறம் சரியான கதையைச் சொல்லாது. எஞ்சின் ஆறட்டும். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினிய மண்டையின் புரி கழன்றுவிடும், பிறகு இல்லாத செலவு ஒன்று வரும். ஆறியபின் தொப்பியைப் பிடித்து இழுங்கள், வயரில் பிடித்து இழுக்க வேண்டாம். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தத் தூசி உள்ளே விழக்கூடாது.

இப்போது நுனியைப் பாருங்கள். பால் தேத்தண்ணி மாதிரி இளம் மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் சரியாக எரிக்கிறது. காய்ந்த கரியாக, விரலில் ஒட்டுகிற கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது அல்லது காற்றுக் குறைந்துவிட்டது. எயார் பில்ரர் அடைத்திருக்கலாம், சோக்கை இழுத்துவிட்டு மறந்திருக்கலாம். சோக் வயர் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பதும் உண்டு. கறுப்போடு எண்ணெய்ப் பசையும் ஈரமும் இருந்தால் எஞ்சின் ஒயில் உள்ளே வருகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இது ரிங்ஸ் அல்லது வால்வு சீல் பக்கம் கைகாட்டுகிறது. நுனி வெளிறி வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது அல்லது எங்கோ காற்று ஒழுகி உள்ளே வருகிறது. இது கறுப்பைவிட ஆபத்து. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டன் கெட்டுப்போகும். பிளக் பெற்றோலில் நனைந்து மணத்தால், பெற்றோல் வந்திருக்கிறது, நெருப்பு வரவில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பெற்றோலோடு ஒயில் கலந்து எரிக்கிற வண்டி அது. லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது நூற்றுக்கு இரண்டு, அதுதான் வழமையான அளவு. “கூட விட்டால் எஞ்சினுக்கு நல்லம்” என்று கண்ணளவில் ஊற்றுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்த மிச்ச ஒயில்தான் பிளக்கில் படிந்து மிஸ் ஆக்குகிறது. சைலன்சர் வாயையும் கரியால் அடைத்துவிடும், பிறகு வண்டி இழுக்காது. ஒரு பழைய இருமல் மருந்துப் போத்தலின் அளவு மூடியை வண்டியில் வைத்திருந்தால் போதும்.

பிளக் நுனியில் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். மாதிரியைப் பொறுத்து 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், வண்டிக் கையேட்டில் சரியான எண் உண்டு. தேய்ந்து அகன்றால் நெருப்புப் பாயச் சிரமப்படும், முக்கியமாகப் பாரம் இழுக்கும்போது. கரி பிடித்த பிளக்கைப் பிரஷ்ஷால் துடைத்துத் தற்காலிகமாக ஓடலாம். ஆனால் புதிய பிளக் ஒன்றுதான் எஞ்சின் வேலையிலேயே மலிவான பரிசோதனை. வாங்கும்போது பழையதைக் கொண்டுபோங்கள், கையேட்டில் உள்ள எண்ணையே கேளுங்கள். நீளமும் புரியும் ஒன்றாக இருந்தாலும் சூட்டு எண் மாறினால் பிரச்சினை திரும்ப வரும். பூட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையால் பூட்டுங்கள், பிறகு ஸ்பனர். சில புதிய மாதிரிகளில் இரண்டு பிளக் இருக்கும். அவற்றில் ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், இழுவைதான் குறையும். ஆகவே இரண்டையும் கழற்றிப் பாருங்கள்.

புதுப் பிளக் போட்டும் மிஸ் நிற்கவில்லையா? நெருப்பு வருகிறதா என்று பாருங்கள். கழற்றிய பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினில் நன்றாக முட்டும்படி வையுங்கள். பிளக் துவாரத்துக்குக் கிட்ட வைக்க வேண்டாம். அந்தத் துவாரத்தால் பெற்றோல் ஆவி சீறி வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் திறந்த பெற்றோல் போத்தலும் இருக்கக்கூடாது, பீடியும் இருக்கக்கூடாது. கையால் பிளக்கைப் பிடிக்கவும் வேண்டாம், நல்ல அடி அடிக்கும். ஒருவர் ஸ்டார்ட் லீவரை இழுக்க மற்றவர் பார்க்கட்டும். தடித்த நீலப் பொறி ‘சடக்’ என்று வந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக, விட்டு விட்டு வந்தால் தொப்பி, வயர், கொயில், சி.டி.ஐ. பெட்டி என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பிளக் உடம்பு இரும்பில் முட்டாமல் லீவரை இழுக்காதீர்கள், கொயில் கெட்டுப்போகலாம்.

தொப்பி, வயர் இரண்டுக்கும் ஒரு இலேசான சோதனை இருக்கிறது. இரவு, வெளிச்சம் இல்லாத இடத்தில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பின்மூடியைத் திறந்து, கை வைக்காமல் பாருங்கள். வெடித்த தொப்பியில் இருந்தோ வயரில் இருந்தோ சின்ன நீலக்கீற்று எஞ்சின் இரும்புக்குப் பாய்வது தெரியும். மாரியில் மட்டும் மிஸ் பண்ணுகிற வண்டிக்கு அனேகமாக இதுதான் காரணம். கொயிலுக்கோ வேறு குணம். குளிரில் நன்றாக ஓடும், சூடானதும் நெருப்பு நலிந்துவிடும், அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் திரும்ப ஓடும். ஆனால் சூட்டில் நிற்பதெல்லாம் கொயில் என்று முடிவெடுக்கக் கூடாது. நிற்கிற அந்த நேரத்திலேயே நெருப்பைச் சோதியுங்கள். நெருப்பு இருந்தால் குற்றவாளி பெற்றோல் பக்கம். சி.டி.ஐ. பெட்டியை வாங்கிச் சோதிக்க வேண்டாம். ஒரே மாதிரி ஓட்டோ வைத்திருக்கிற அயலவரிடம் பத்து நிமிடத்துக்கு இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள்.

இனிப் பெற்றோல். இதைப் பற்றி எங்கள் சனத்துக்கு நான் பாடம் எடுப்பது கொஞ்சம் பகிடிதான். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சூப்பிப் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோலை எஞ்சினுக்குப் பீச்சி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் விட்டு ஓடியதை அப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் அந்த அனுபவத்தால் வந்த ஒரு எண்ணம் இன்னும் போகவில்லை: “கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன, அப்போ ஓடினதுதானே.” அது ஓடியது வேறு வழி இல்லாததால். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக ஆவியாகாது, பாரத்தில் தட்டும், பிளக்கில் கரி கட்டும். எரியாத மிச்சம் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயில் தண்ணியானால் ரிங்ஸ் தேயும், அப்போது உண்மையாகவே எஞ்சின் இறக்க வேண்டி வரும்.

நீங்கள் கலக்காவிட்டாலும் வாங்குகிற பெற்றோலில் கலந்திருக்கலாம். பெற்றோல் நிலையம் தூரமான கிராமங்களில் போத்தலில் விற்கிறதை வாங்குகிறோம். வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெற்றோல் கெதியாகக் காய்ந்து தடமில்லாமல் போகும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும்.

அடுத்த எதிரி தண்ணீரும் துருவும். இடம்பெயர்வுக் காலத்தில் மாதக்கணக்காக, வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த வண்டிகள் பிறகு கழுவிப் பூசிச் சந்தைக்கு வந்திருக்கின்றன. வெளிப்பூச்சு மினுங்கும், தாங்கிக்குள் துரு கிடக்கும். காபுரேற்றரின் அடிக் கிண்ணத்தில் ஒரு சின்ன வடிகால் ஆணி இருக்கிறது. அதைத் தளர்த்தி வருகிற பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும், துருவும் அடியில் மண் மாதிரிப் படியும். அப்படியானால் தாங்கியைக் கழற்றிக் கழுவி, பெற்றோல் பில்ரரைப் புதிதாகப் போடாமல் காபுரேற்றரை மட்டும் துப்புரவு செய்வதில் பயனில்லை. ஒரு கிழமையில் திரும்ப அடைக்கும்.

காபுரேற்றருக்குள் ஜெற் என்று ஊசித்துவாரம் உள்ள பித்தளைத் துண்டுகள் இருக்கின்றன. சும்மா நிற்கும்போது மட்டும் மிஸ் பண்ணி, ஓடும்போது சரியானால் சின்ன ஜெற் அடைத்திருக்கலாம். வேகத்திலும் பாரத்திலும் மட்டும் மிஸ் பண்ணினால் பெரிய ஜெற். காற்றடித்துத்தான் அதைத் துப்புரவு செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெருத்து, அதற்குப் பிறகு எந்தக் காலத்திலும் பெற்றோல் கணக்கு மட்டுக்கு வராது. உங்கள் கண் முன்னால் யாராவது கம்பியைத் தூக்கினால், “அண்ணை, காத்து அடிச்சே எடுங்கோ” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பெற்றோல் தாங்கியின் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது தூசியால் அடைத்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. வண்டி சில கிலோமீற்றர் நன்றாக ஓடும், திக்கும், நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடும். பார்க்கிறவருக்குக் கொயில் சூட்டில் நிற்பது போலவே இருக்கும். பரந்தன் பக்கம் ஒரு அம்மா, மகனுக்காக வாங்கிய ஓட்டோ இப்படி நின்று நின்று ஓடியதில் கொயில் ஒன்றும் சி.டி.ஐ. ஒன்றும் வாங்கிப் போட்டிருந்தார். கடைசியில், எஞ்சினை இறக்கச் சம்மதம் சொல்லப் போகிற நேரத்தில்தான் வேறொரு ஓட்டோக்காரத் தம்பி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். ‘உஸ்’ என்று காற்று இழுத்ததாம். ஊசியால் துவாரத்தைத் துப்புரவு செய்ததோடு சரி. வண்டி திக்கத் தொடங்கினவுடன் நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் தேவையில்லை.

காற்றுப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். வன்னியின் சிவப்புத் தூசிக்கு எயார் பில்ரர் கையேட்டில் சொன்னதைவிட அடிக்கடி துப்புரவு கேட்கும். பில்ரர் இல்லாமல் ஓட்டினால் இழுவை கூடுகிறது என்று கழற்றிவிட்டு ஓடுகிறவர்கள் அந்தத் தூசியை நேரே சிலிண்டருக்குள் அனுப்புகிறார்கள், அரத்தூள் போடுவதும் அதுவும் ஒன்றுதான். காபுரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் மிஸ் பண்ணும். எஞ்சின் ஓடும்போது அந்த ரப்பரில் சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். எஞ்சினின் சத்தம் மாறினால் அங்கேதான் ஒழுக்கு.

இவ்வளவும் பார்த்து, நெருப்பும் பெற்றோலும் காற்றும் சரி என்று கண்ட பிறகுதான் அமுக்கம். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் முதலில் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிற வேலை இது. இடைவெளி இறுகிப்போனால், சூடாகும்போது வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் ஒழுகும். காலமை நல்லம், மத்தியானம் மிஸ் என்கிற வண்டிகளில் சில இந்த வகை. சரிசெய்ய எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஸ்டார்ட் லீவரை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் இலேசாக வந்தால், பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப இழுத்துப் பாருங்கள். எதிர்ப்புக் கூடினால் ரிங்ஸ் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வுப் பக்கம். இதற்கு மேல் எங்கள் கையில் இல்லை, கராஜுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் போகும்போது “வண்டி மிஸ் பண்ணுது, பாருங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். “அண்ணை, புதுப் பிளக் போட்டாச்சு, நெருப்பு நீலமா வருது, தாங்கி மூடியும் பார்த்தாச்சு, சூடானாப்பிறகு பாரத்திலதான் நிக்குது” என்று கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுச் சந்தோசப்படுவார், அவருக்கு அரைநாள் வேலை மிச்சம். சந்தோசப்படாதவரிடம் வண்டியை விடுவதா என்பதை நீங்கள் யோசியுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், துண்டில் செலவை எழுதி வாங்குங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு. விற்கிறவர் வீட்டுக்குப் போனதும் முதலில் எஞ்சினுக்குக் கிட்டக் கை வைத்துச் சூடு பாருங்கள். நீங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் என்ன செய்கிறது என்பதை மறைக்கிறார்கள். ஆறும்வரை இருங்கள், அல்லது அடுத்த நாள் விடியப் போங்கள். ஸ்டார்ட் எடுத்ததும் நான்கு ஸ்ட்ரோக் வண்டி தொடர்ந்து நீலப்புகை விட்டால் ஒயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெற்றோல் கூட. காலமை கொஞ்ச நேரம் வருகிற வெள்ளைப்புகை ஈரப்பதம்தான், பயப்படத் தேவையில்லை. கடைசியாகச் செய்த புகைப் பரிசோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். அதில் இரண்டு எண்கள் முக்கியம். காபனோரொட்சைட்டு கூடினால் பெற்றோல் கலவை அதிகம். அது மட்டாக இருக்க ஐதரோகாபன் மட்டும் கூடியிருந்தால், பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது என்று எடுக்கலாம், அதாவது மிஸ். மூன்று பேரை ஏற்றிக் கிரவல் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் பகுதியில் ஒரு வண்டியின் எஞ்சின் இன்னொரு வண்டியில் இருப்பது புதினமில்லை. இலக்கம் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். லீசிங் முடியாத வண்டி என்றால் புத்தகத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். ‘ஓப்பின் பேப்பரில்’ கைமாறிக் கைமாறி வந்த வண்டியை வாங்கினால் உங்கள் பெயருக்கு மாற்றும் வரை அது உங்களுடையது இல்லை. இந்தப் பத்திர வேலைகளில் சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் சட்ட உதவிப் பிரிவு அலுவலரிடம் பேசலாம், அவர் இன்றைக்கு வந்திருக்கிறார்.

பாகங்கள் தேடுவது பற்றி ஒரு விடயம் சொல்லியே ஆக வேண்டும். காபுரேற்றர், கொயில் எல்லாம் விலை. காட்டோரமும் வெளிகளிலும் கைவிடப்பட்ட வாகனங்கள் கிடக்கின்றன, அவற்றில் கழற்றினால் சும்மா கிடைக்கும் என்று போகிற எண்ணம் வரலாம். தயவுசெய்து போகாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்காத இடங்களில் அந்த வாகனங்களைச் சுற்றியும், இருக்கைக்குக் கீழும், மூடிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் இடம் பாதுகாப்பானது என்று ஆகாது. சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ அறிவியுங்கள். பழைய இரும்புக்காரர் கொண்டுவந்து விற்கிற பாகமென்றாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாவித்த பாகம் வேண்டுமென்றால் ரவுணில் உள்ள கடைகளில் வாங்கலாம், பிழைத்தால் திருப்பிக் கொடுக்கிற உடன்பாட்டோடு.

நேரம் போய்விட்டது. சாப்பாட்டுக்கு முன் இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. வெளியே வேப்பமர நிழலில் ஒரு நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோவும் ஒரு இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோவும் நிற்கின்றன, இரண்டும் காலமை ஓடி வந்து இப்போது ஆறியிருக்கும். ஐயா பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். பிறகு நீங்களே கழற்றிப் பூட்டிப் பாருங்கள். அக்காமார் முதலில் வாங்கோ, ஆண்களை முன்னுக்கு விட்டால் உங்களுக்கு ஸ்பனர் கிடைக்காது.